இடப்பக்கம் திருப்பிய குமிழ்

குமிழை இடக்கோடி வரை திருப்பிய பிறகுதான் ஆர்டிஸ் தன் கையைப் பார்த்தாள். கை தானாகவே அதைச் செய்திருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் தாழ்ந்த குரலில் ஜெர்மன் மொழியில் பாடிக்கொண்டிருந்தாள். பியானோ அவளுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தது. குமிழைத் திருப்பியும் சத்தம் குறையவில்லை. எப்படிக் குறையும்? அது சத்தத்துக்கான குமிழ் அல்ல. கேட்பது பிடித்திருந்தால் வலப்பக்கம், பிடிக்காவிட்டால் இடப்பக்கம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். அவள் அவசரமாக அதை நடுவுக்குக் கொண்டுவருவதற்குள் பாட்டுத் துணுக்கு முடிந்து, புல்லாங்குழல் தொடங்கிவிட்டது.

"தூங்கிட்டியா?" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த ரோமெய்ன்.

"இல்ல. கை வழுக்கிடுச்சு."

"எனக்குக் கையே மரத்துப்போச்சு. நடுவுலயே புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், பஸ்ல கம்பியப் புடிச்ச மாதிரி."

நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் கல்யாண விருந்துகளுக்கு விடும் கூடம் அது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை வழக்கப்படி மீன் வறுத்த வாசனை இன்னும் கம்பளத்திலிருந்து போகவில்லை. வெளியே ஜனவரிக் குளிர். கல்லூரிக் குன்றின் மேல் இருக்கும் பொது வானொலி நிலையம் தன் நம்பகமான நேயர்களை அழைத்திருந்தது. நிலையத்துக்குப் பணம் திரட்டும் நன்கொடை வாரத்தில் போய்த் தொலைபேசி எடுப்பவர்கள், அப்போது வீட்டிலிருந்து கேக் சுட்டுக் கொண்டுபோகிறவர்கள். எல்லாருக்கும் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியும் அதன் மேல் ஒரு குமிழும் கொடுத்தார்கள். எந்த மாதிரி சங்கீதம் போட்டால் பிடிக்கும் என்று அறிய வேண்டுமாம். பெரிய நகரத்திலிருந்து இதற்கென்றே ஒருவர் வந்திருந்தார். மெல்லிய காலணி போட்டிருந்தார். பனியில் நடந்து வந்து அது ஊறிப்போயிருந்தது.

"இதுல தப்பான பதில்னு ஒண்ணுமே கிடையாது. மனசுல என்ன தோணுதோ அப்படியே திருப்புங்க," என்றார் அவர்.

கூடத்தில் லேசாகச் சிரித்தார்கள். அவருக்கு இந்தப் பக்கத்து ஆட்களைத் தெரியாது. விஸ்கான்சின் மாநிலத்தின் இந்த மூலையில் மனசில் தோன்றுவதை அப்படியே திருப்புகிறவன் குடிகாரனாக இருக்க வேண்டும், அல்லது வெளியூர்க்காரனாக. பிள்ளை மாநில அளவில் பரிசு வாங்கி வந்தால் "பரவாயில்லையே" என்பார்கள். விருந்தில் வைத்த பண்டம் வாயில் வைக்க முடியாமல் இருந்தால் "வித்தியாசமா இருக்கே" என்பார்கள். அதற்கு மேல் கடுமையான சொல் அவர்களிடம் கிடையாது. குமிழை வலப்பக்கம் நன்றாகத் திருப்பினால் சங்கீதம் தெரிந்தவள் என்று காட்டிக்கொள்வது போல ஆகும். இடப்பக்கம் திருப்புவதற்கும் மனசு வராது. பாவம், யாரோ மெனக்கெட்டு வயலின் வாசித்திருக்கிறார். எனவே கூடம் முழுக்கக் கைகள் நடுவிலேயே இருந்தன. மரியாதைக்காக ஒரு மயிரிழை வலப்பக்கம். ஆர்டிஸும் அப்படித்தான் வைத்திருந்தாள், அந்தப் பெண் பாடும் வரை.

முடிந்ததும் காப்பி கொடுத்தார்கள். வானொலியின் பெயர் போட்ட கோப்பை ஆளுக்கு ஒன்று. அந்தக் கோப்பை ஆர்டிஸிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது. ஒன்றைத் தன் தம்பி டெல்மாரின் மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்தாள். மடிக்குத் தடவும் களிம்பை அவன் அதில் போட்டு வைத்திருந்தான்.

ஆர்டிஸ் ஹாகன் வேலை பார்த்த காலமெல்லாம் நகரத் தண்ணீர் அலுவலகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். புகார் கேட்பதுதான் வேலை. இங்கே யாரும் புகாரைப் புகாராகச் சொல்வதில்லை. முதலில் வானிலை. பிறகு உங்களைத் தொந்தரவு செய்ய விருப்பமில்லை என்பது. அதற்கும் பிறகு, போகிற போக்கில், வீட்டுக்கு அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்பது. ஒருவர் வானிலையைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதை வைத்தே அவருக்கு எவ்வளவு கோபம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். உழவுக் கருவி விற்க வந்த ஒருவன் இரண்டு குளிர்காலம் அவளை நடனத்துக்கு அழைத்துப் போனான். பிறகு மேற்கே டகோடாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டான். அவன் விடைபெற வந்தபோது ஆர்டிஸ் சாலையில் பனி எப்படி இருக்கிறது என்று நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தாள். வானிலைப் பேச்சுக்குள் இருப்பதைக் கேட்கும் அந்த ஜன்னல் வேலை அவனுக்குத் தெரியாது. பேசி முடித்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரும்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. மேசை மேல் வானொலி. கல்லூரி நிலையம் தொடங்கிய வருஷம் முதல் அதைத் தவிர வேறு எதையும் வைத்ததில்லை.

டெல்மார் அப்பாவின் பண்ணையை நடத்தினான். அவன் மனைவி லவோன் தேவாலயப் பாடகர் குழுவில் தாழ்ந்த குரல் பாடுகிறவள். சாவு வீடுகளில் தனியாகப் பாட அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. பாடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு யாரோ மாதிரி ஆகிவிடுவாள். அவள் புற்றுநோயில் போன பிறகு ஆர்டிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் மாலைக் கறவைக்குப் பண்ணைக்குப் போக ஆரம்பித்தாள். உதவிக்கு என்று சொல்லிக்கொண்டாள். கறக்க இயந்திரம் இருந்தது. அவள் செய்ததெல்லாம் மடியைத் துடைப்பதும் கன்றுகளுக்குப் பால் வாளி தூக்குவதும்தான். பிறகு இருவரும் சமையலறையில் உட்கார்ந்து அவள் கொண்டுபோன கோழி நூடுல்ஸைச் சாப்பிடுவார்கள். அவன் பாத்திரம் கழுவுவான். அவள் துடைப்பாள். கிளம்பிவிடுவாள். லவோனின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

மாலைக் கறவையும் ஓரின் லுண்டின் பாட்டு நேரமும் ஒன்றாக வந்தன. ஓரின் கல்லூரியில் குரல் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், வெறும் பாட்டு. யாராவது ஒருவர் பாடுவார், யாராவது ஒருவர் பியானோ வாசிப்பார். ஓரினுக்கு வானொலிக் குரலே கிடையாது. ஒலிவாங்கி திறந்திருப்பதை மறந்து இருமுவார். "இந்தப் பாட்டுல ஒருத்தன் ஒரு மரத்தப் பாக்கறான். அவ்வளவுதான். கேளுங்க," என்பார். கொட்டகை உத்தரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்த பழைய வானொலிப் பெட்டி சுண்ணாம்பும் தவிடும் படிந்து வெள்ளையாக இருந்தது. கறவை மோட்டாரின் இரைச்சலுக்கு மேல் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

"மாடுங்களுக்குப் பழகிடுச்சு. வேற ஸ்டேஷன் வெச்சா பால் இறக்காது," என்பான் டெல்மார். தனக்குப் பிடிக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

லவோன் போன பிறகு வந்த முதல் சில ஞாயிறுகளில் ஒன்றில், ஓரின் ஒரு தாழ்ந்த பெண் குரலைப் போட்டார். பாட்டு தொடங்கியதும் டெல்மார் பக்கத்து மாட்டின் விலாவில் தலையைச் சாய்த்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டான். வேலை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. முதுகு அசையாமல் இருந்தது. ஆர்டிஸால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உத்தரத்துக்குக் கையை நீட்டிக் குமிழை இடப்பக்கம் திருப்பினாள். பாட்டு வைக்கோல் சரசரப்புக்குள் அமுங்கியது. சற்று நேரத்தில் அவன் எழுந்து அடுத்த மாட்டுக்குப் போனான்.

அதிலிருந்து அப்படி ஒரு குரல் வரும்போதெல்லாம் அவள் கை மேலே போகும். வருஷக்கணக்கில் போயிற்று. அவன் ஒன்றும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. தம்பிக்குத் தான் செய்ய முடிந்த ஒரே உதவி அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு நேரத்தில் வீணையைப் போன்ற ஏதோ ஒரு தந்தி வாத்தியம் வந்தது. இடையிடையே வேறு ஊரிலிருந்து ஒரு பெண் தேன் தடவிய குரலில் "இனிய மாலை" என்றாள்.

"ஓரினுக்கு உடம்பு சரியில்லையோ?" என்றான் டெல்மார்.

"காய்ச்சலா இருக்கும்."

அடுத்த ஞாயிறும் அதே பெண். கிதார். அதற்கு அடுத்த ஞாயிறு டெல்மார் கறவையின் நடுவே எழுந்து போய் வானொலியை அணைத்தான். அந்தக் கொட்டகையில் மோட்டார் மட்டும் தனியாக இரைவதை ஆர்டிஸ் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். மாடுகள் பாலை இறக்கின. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சாப்பாட்டின்போது அவன், "சாலை ரொம்ப மோசமா இருக்கு, ஆர்டி," என்றான்.

"ஆமா. பனி உருகி உருகி உறையுது."

"மேம்பாலத்துக்கிட்ட பள்ளம் வேற."

"பாத்தேன்."

"காத்தும் வடக்கேருந்து அடிக்குது. ஏப்ரல் வரைக்கும் விடாதுங்கறாங்க."

ஆர்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் வானிலையில் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

"நீ ஞாயித்துக்கிழமை இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வர வேணாம்னு பாக்கறேன்," என்றான் டெல்மார். "இங்க என்ன இருக்கு? நான் பாத்துக்குவேன்."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பாட்டு இல்லாத கொட்டகையில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம் நின்றுபோனால், பண்டிகைக்கு ஒரு முறை, பிறகு சாவுக்கு ஒரு முறை என்று ஆகிவிடும். அப்படி ஆன அக்கா தம்பிகளை அவளுக்கு ஊரில் தெரியும். அன்று திரும்பி வரும் வழியில், ஓரினின் பாட்டு நேரத்தைத் திருப்பிக் கேட்டு, தன் வாழ்நாளில் முதல்முறையாகப் புகார் சொல்லப் போவது என்று ஆர்டிஸ் முடிவு செய்தாள்.

வானொலி நிலையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்க அவ்வப்போது ஒரு கூட்டம் போட வேண்டும். நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும். வழக்கமாக நாலு பேரும் ஒரு காப்பிப் பாத்திரமும் இருப்பார்கள். ஏப்ரல் வியாழக்கிழமை பிற்பகல் நடந்த கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. ஆர்டிஸ் தேவாலயத்திலும் கடைத்தெருவிலும் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். "நேரமிருந்தா வாங்க" என்றுதான் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதே போதுமானதாக இருந்தது. பேரிச்சம்பழக் கேக் ஒரு தட்டு நிறையச் சுட்டுக்கொண்டு போயிருந்தாள். சண்டைக்குப் போகும்போதும் வெறும் கையோடு போகக்கூடாது.

நிலைய மேலாளர் பிரென்ட் முன்னால் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன். குழந்தை பிறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. தூக்கமில்லாத கண்.

முதலில் ஒரு விவசாயி எழுந்தார். மழையைப் பற்றிச் சொன்னார். விதைப்பு தள்ளிப்போவதைச் சொன்னார். பிறகு, "காலைல ஒரு சிம்பொனியோட ரெண்டாம் பாகத்த மட்டும் போடறீங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா வீட்டுக்கு விருந்தாளியக் கூப்புட்டு, நடு அறைய மட்டும் காட்டிட்டு, பின்கதவு வழியா அனுப்பற மாதிரி இருக்கு," என்றார்.

"புதுசாப் போடறீங்களே, அந்த வால்ட்ஸ் நடன இசை," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி, "அது ஆரம்பிச்சதும் எங்க நாய் எழுந்து கதவுகிட்ட போய் நிக்குது. முந்தி அது அப்படிப்பட்ட நாய் இல்ல."

ரோமெய்ன் கையைத் தூக்கினாள். "அந்த 'இனிய மாலை' பொண்ணு. அவ பேச ஆரம்பிச்சா எனக்குப் பல்லு கூசுது. பல் டாக்டர் வர்றதுக்கு முன்னால ஒருத்தி வந்து 'ஒண்ணும் வலிக்காது'ம்பாளே, அவ குரல்."

சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். வழியில் காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"ஓரினோட பாட்டு நேரம் இல்லாம இருக்கறது," என்றாள். நிறுத்தினாள். "எனக்கு அது வித்தியாசமா இருக்கு."

ஆர்டிஸ் ஹாகன் இப்படி ஒரு சொல்லைப் பொது இடத்தில் சொல்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓரின் தரையைப் பார்த்தார்.

பிரென்ட் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "மிஸ் ஹாகன், நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்களா முடிவு பண்ணல. உங்களத்தான் கேட்டோம். ஜனவரில, அந்த விடுதில."

"நாங்க ஒண்ணும் சொல்லலையே," என்றார் விவசாயி.

"அதேதான். ஒண்ணுமே சொல்லல. எத வாசிச்சாலும் எல்லாரும் குமிழ நடுவுலயே வெச்சிருந்தீங்க. கருவிதான் கெட்டுப்போச்சோன்னு அந்த ஊர்லேருந்து வந்தவர் ஒயரெல்லாம் புடுங்கிப் பாத்தார். மேசை மாதிரி தட்டையா ஒரு கோடு. ஒரே ஒரு எடத்துலதான் ஒரு நூலு கீழ இறங்குச்சு. அந்தப் பொம்பள பாடற எடத்துல. வேற எதுவும் இல்லாததால அது மட்டும்தான் அவர் கண்ணுல பட்டுது. பாட்டுன்னா ஆளுங்க ரேடியோவ அணைச்சிடறாங்க, எடுத்துடுங்கன்னு சொல்லிட்டார். மேலிருக்கறவங்க அதப் புடிச்சுக்கிட்டாங்க."

"யாரு அப்படிப் பண்ணது?" என்று யாரோ கேட்டார்கள்.

"யாருன்னு தெரியாது. தெரியவும் கூடாது. அதுக்குத்தான் பேரு போடாத பெட்டி."

தலைகள் திரும்பின. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எனக்குப் பாட்டு மேல ஒண்ணும் விரோதமில்ல," என்றார் விவசாயி. "எனக்கும்தான்," என்றாள் நாய்க்காரி. ரோமெய்ன் மட்டும் ஒருதரம் ஆர்டிஸின் வலது கையைப் பார்த்தாள். பிறகு காப்பியைப் பார்த்தாள்.

ஆர்டிஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நான்தான் என்று இரண்டு சொல் போதும். ஆனால் நான்தான் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் கொட்டகையைச் சொல்ல வேண்டும், மாட்டின் விலாவில் சாய்ந்திருந்த தம்பியின் தலையைச் சொல்ல வேண்டும், இத்தனை பேருக்கு முன்னால். அவள் வாயைத் திறந்தாள்.

"அப்படியா," என்றாள். உட்கார்ந்தாள்.

பிரென்ட் எல்லாருக்கும் நன்றி சொன்னான். கருத்துகளை மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொன்னான். கேக் முழுக்கத் தீர்ந்துவிட்டது.

கார் நிறுத்துமிடத்தில் ஓரின் அவளுக்காகக் காத்திருந்தார். வெயில் அடித்தது. ஓரங்களில் அழுக்குப் பனி கசிந்துகொண்டிருந்தது.

"நீங்க அவ்வளவு கடுமையா பேசியிருக்க வேணாம், ஆர்டிஸ்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க."

"சும்மா சொன்னேன். நன்றி." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "ஒரு விஷயம் சொல்லட்டுமா? அந்தப் பையன் சொன்னது எனக்கு ஒரு வகையில ஆறுதலா இருக்கு. இத்தன வருஷம் பாட்டுப் போட்டேன். ஒருத்தர் ஒரு வார்த்த சொன்னதில்ல. நல்லாருக்குன்னும் இல்ல, நல்லால்லன்னும் இல்ல. சுவத்துக்குப் போட்டுட்டிருக்கேன்னு நெனச்சேன். கடைசில பாத்தா, ஒரு ஆளாவது காது குடுத்துக் கேட்டிருக்கார். கேட்டு, வெறுத்திருக்கார்."

அவர் கண்கள் ஈரமாக இருந்தன. காற்றினாலும் இருக்கலாம். இதோ, இப்போது சொல்லிவிடலாம் என்று ஆர்டிஸ் நினைத்தாள். இங்கே கூட்டமில்லை, இருப்பது ஓரின் ஒருவர்தான். வெறுக்கவில்லை, ஓரின். நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிறு தவறவிட்டதில்லை. நீங்கள் இருமும்போது டெல்மார் 'இந்தாள் குல்லா போட மாட்டேங்கறாரு' என்பான்.

"தம்பியோட மாடுங்களுக்கு உங்க நிகழ்ச்சி பிடிக்கும்," என்றாள்.

ஓரின் வாய்விட்டுச் சிரித்தார். "மாடுங்களா? சந்தோஷம். நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க." காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆர்டிஸ் வீட்டுக்குப் போகவில்லை. வியாழக்கிழமை அவள் பண்ணைக்குப் போகும் நாளும் இல்லை. போனாள். டெல்மார் மாலைக் கறவையில் இருந்தான். கொட்டகைக் கதவில் அவளைப் பார்த்ததும், "யாரு செத்துட்டாங்க?" என்றான்.

"யாரும் சாகல. கூட்டத்துக்குப் போயிருந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

அவள் மேல்கோட்டைக் கழற்றவில்லை. மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அவள் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. விடுதி, பெட்டி, குமிழ், நடுவில் நின்ற கைகள், கீழே இறங்கிய கோடு. அவன் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டான்.

"யாரோ ஒரு மடையன்," என்றான்.

"நான்தான்."

அவன் நிமிர்ந்தான்.

"அந்தப் பொம்பள பாட ஆரம்பிச்சா. லவோன் மாதிரி குரல். நான் இங்க நிக்கறதா நெனச்சுக்கிட்டேன் போல. கை தானா போயிடுச்சு. கொறச்சிட்டேன், டெல்மார். உனக்காகக் கொறைக்கற மாதிரி."

"எனக்காகவா?"

"நீ மாட்டு மேல தலைய வெச்சு மூஞ்சியத் திருப்பிக்குவியே. அழறியேன்னு..."

டெல்மார் துணியை வாளியின் விளிம்பில் போட்டான். பிறகு அருகிலிருந்த மாட்டிடம் போய், பழைய வழக்கப்படி குந்தி உட்கார்ந்து, இடது காதை அதன் விலாவில் அழுத்திக்கொண்டான்.

"மோட்டார் இந்தப் பக்கம்," என்றான், அப்படியே இருந்தபடி. "இந்தக் காத அடைச்சிக்கிட்டா அந்தக் காதுல பாட்டு மட்டும் கேக்கும். மாடு மேல வெச்சாத்தான் சரியா அடையும். அதுக்குத்தான்."

ஆர்டிஸ் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மாதிரி கொரல் எப்பவாவதுதான் வரும். மாசத்துக்கு ஒண்ணு. வந்ததும் ஓடி வந்து உக்காருவேன். அப்புறம் நீ கொறச்சிடுவ."

"ஏண்டா சொல்லல?"

"உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

"எனக்கு ஏண்டா பிடிக்காது?"

அவன் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான். "லவோன் பாடறது உனக்குப் பிடிக்காதே, ஆர்டி. எங்க கல்யாணம் ஆன புதுசுல, தேவாலயத்துல அவ மொத தடவ தனியாப் பாடிட்டு வந்து உன்னக் கேட்டா. 'வித்தியாசமா இருந்துச்சு'ன்னு சொன்ன. அவ அத மறக்கவே இல்ல. அதுக்கப்புறம் நீ வர்ற அன்னிக்கு வீட்ல பாட மாட்டா."

அப்படிச் சொன்னதாக ஆர்டிஸுக்கு நினைவு இல்லை. பிறகு நினைவு வந்தது. லவோன் பச்சை உடை போட்டிருந்தாள். பாடி முடித்த முகம் சிவந்து, வியர்த்து, சிரித்துக்கொண்டு எதிரே நின்றது. டெல்மார் அவள் பின்னால் நின்று, அதுவரை யாரையும் பார்த்திராத மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த உழவுக் கருவிக்காரன் டகோடாவுக்குக் கிளம்பிப்போன வருஷம் அது. உண்மையில் அன்று ஆர்டிஸ் பாட்டைக் காதில் வாங்கவே இல்லை. அவள் டெல்மாரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷம் உத்தரத்துக்குப் போன கை இரக்கத்தினால்தான் போயிற்றா என்று இப்போது யாராவது கேட்டால் அவளால் உறுதியாகச் சொல்ல முடியாது.

"அப்படி ஒண்ணும் இல்ல," என்றாள். "நல்லாத்தான் பாடினா. ரொம்ப நல்லாப் பாடுவா."

"அவகிட்ட சொல்லியிருக்கலாம்."

அவன் குரலில் கோபம் இல்லை. கன்றுகளுக்கான வாளியை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் நல்ல மேல்கோட்டோடு அதை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஆர்டிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி செய்து, குமிழைத் திருப்பியது தான்தான், கைத்தவறு என்று பிரென்டிடம் சொன்னாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. வீட்டிலிருந்து அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான் போல. நீங்கள் இப்படிப் பெருந்தன்மையாகச் சொல்வது ரொம்ப நல்ல மனசு, ஆனால் ஒரு ஆளால் அப்படி ஆகாது, அது சராசரி என்றான். வேறு ஊர் நிலையத்தோடு அடுத்த ஆண்டு வரைக்கும் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது என்றும் சொன்னான். ஓரின் தன் இசைத்தட்டுகளை அன்று காலையே வந்து எடுத்துப் போய்விட்டாராம். ஆர்டிஸ் கேக் தட்டைத் திரும்ப வாங்க நூலகத்துக்குப் போனாள். மேல்கோட்டில் பால் கறை போகவில்லை. சலவைக்குப் போட்டாள். மாலையில் டெல்மார் கறவையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு நகரத்துக்கு வந்தான். இருவரும் நெடுஞ்சாலை விடுதியில் மீன் சாப்பிட்டார்கள். ஓரின் ஜன்னலோரம் தன் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கினார். ஆர்டிஸும் தூக்கினாள். மீன் பரவாயில்லை என்றான் டெல்மார். மேம்பாலத்துப் பள்ளத்தை அடைக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள், இனி ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டச் சிரமமிருக்காது என்றான்.